ரயில் ஜன்னலில் தெரிந்த வரிசை ஊர்கள்: ஒயிட் ஹார்ஸ் வேல் பற்றி

கேள்வி, 6 ஜனவரி 2024

போன வாரம் இங்கிலாந்தில் ஒயிட் ஹார்ஸ் வேல் வழியாக, டிட்காட்டிலிருந்து ஸ்விண்டனுக்கு ரயிலில் போனேன். இடது பக்கம் நீளமாக ஒரு குன்று கூடவே வந்தது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அந்தக் குன்றின் அடிவாரத்தில் ஊர்கள் மணி கோத்த மாதிரி வரிசையாக இருக்கின்றன. குன்றின் மேல் ஊர் இல்லை. ரயில் போகிற சமவெளியிலும் ஊர் இல்லை. வெறும் புல், தண்ணீர் தேங்கிய வயல். இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு புல் வளர்க்கிறார்களே, விவசாயம் தெரியாதவர்களா? அண்ணா, நீங்கள் அந்தப் பக்கம்தானே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு

தம்பி, 'விவசாயம் தெரியாதவர்கள்' என்பதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள். மற்றபடி நல்ல கேள்வி. இங்கே வந்த முதல் வருடம் நானும் இதையேதான் கேட்டேன். பதில் பிடிபட மூன்று குளிர்காலம் ஆனது.

எல்லாம் தண்ணீர். அந்தக் குன்று முழுக்கச் சாக், அதாவது நகத்தால் கீறினால் மாவாக உதிரும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. விழுகிற மழையை அப்படியே குடித்துவிடும். குன்றின் மேல் மணிக்கணக்காக நடந்தாலும் ஒரு ஓடையைப் பார்க்க முடியாது. குடித்த தண்ணீர் உள்ளே இறங்கி, களிமண் தடுக்கிற இடத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. அதுதான் அடிவாரம். ஊற்று இருந்த இடத்தில் ஊர். சைல்ட்ரி, ஸ்பார்ஷோல்ட், கிங்ஸ்டன் லைல், வுல்ஸ்டன், ஆஷ்பரி என்று வரைபடத்தில் விரல் வைத்துக்கொண்டே போகலாம். மேலே தண்ணீரே கிடையாது, கீழே தேவைக்கு மேல் தண்ணீர்.

7 ஜனவரி

நேற்று அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். சமவெளியில் ஊரே இல்லை என்று நீ சொன்னது தவறு. இருக்கின்றன. கூஸி, சார்னி பாசெட், ஈஸ்ட் ஹானி, வெஸ்ட் ஹானி. பெயர்களின் கடைசியில் வரும் 'இ' ஓசையைக் கவனி. பழைய ஆங்கிலத்தில் அது தீவைக் குறிக்கும். கூஸி என்றால் வாத்துத் தீவு. ஹானி காட்டுக்கோழித் தீவு. கடல் இங்கிருந்து எவ்வளவோ தூரம். களிமண் சேற்றுக்கு நடுவே இரண்டு முழம் உயர்ந்த சரளைக்கல் மேட்டைத்தான் தீவு என்று அழைத்திருக்கிறார்கள்.

புத்தாண்டு வாரத்து மழைக்குப் பிறகு இன்று காலை கூஸிப் பக்கம் போனேன். சுற்றிலும் வயல்கள் ஏரியாகக் கிடந்தன. வேலிச்செடிகளின் தலை மட்டும் கோடு கோடாகத் தெரிந்தது. ஊர் நடுவில் இருக்கும் பெரிய பொதுப்புல்வெளியும் அதைச் சுற்றிய வீடுகளும் நனையவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் பெயர் வைத்தவர் இப்படி ஒரு ஜனவரியில் வந்து நின்று பார்த்துத்தான் வைத்திருப்பார் என்று தோன்றியது.

7 ஜனவரி, சற்று நேரம் கழித்து

தலைப்பில் 'வேல்' என்று போட்டதைப் பார்த்து ஒருவர் முருகன் கோயில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. அகன்று படுத்துக் கிடக்கும் தாழ்நிலத்தை இங்கே 'வேல்' என்கிறார்கள். பள்ளத்தாக்கு என்று எழுதினால் இரண்டு பக்கமும் செங்குத்தான மலையும் நடுவே ஆழமும் மனதில் வந்துவிடுகிறது. இங்கே தெற்கே சாக் குன்று, வடக்கே உயரம் குறைந்த ஒரு சுண்ணாம்புக்கல் மேடு, இடையில் பல கிலோமீட்டர் தட்டையான களிமண். அதில் ஆக் என்ற சின்ன நதி கிழக்கே ஓடி அபிங்டனில் தேம்ஸில் கலக்கிறது. அந்த ஆக் நதியைத் தாண்டுவதற்கு ஒரு நல்ல தாவல் போதும், பல இடங்களில்.

13 ஜனவரி

ஊர்கள் வரிசையாக இருக்கிற காரணம் புரிந்தது, ஆனால் ஊர் எல்லைகள் ஏன் பட்டைப் பட்டையாக இருக்கின்றன என்று கேட்டிருந்தாய். இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை.

தேவாலயப் பங்கின், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின், எல்லைதான் இங்கே ஊரின் எல்லை. வருவாய்க் கிராம எல்லை மாதிரி. அடிவாரத்து ஊர்களின் எல்லைகள் எல்லாம் வடக்கு தெற்காக ஓடுகிற நீளமான பட்டைகள். சிலவற்றின் அகலம் இரண்டு கிலோமீட்டர்கூட வராது. நீளமோ எட்டு, பத்து என்று போகும். ஒவ்வொரு பட்டையும் குன்றின் உச்சியில் தொடங்கி, ஊற்றுகள் வரிசையாக வரும் அந்தக் கோடு தாண்டி, களிமண்ணில் போய் முடியும். ஏன்? குன்றின் மேல் ஆடு மேய்க்க வறண்ட புல். சரிவின் கீழே உழுவதற்கு நல்ல மண். களிமண்ணில் மாடு மேயவும் வெட்டிக் காயவைக்கவும் ஈரப்புல். மூன்றும் இல்லாமல் ஒரு ஊர் பிழைக்க முடியாது. அதனால் நிலத்தைக் கேக் மாதிரி வெட்டி, எல்லோருக்கும் எல்லா அடுக்கிலும் ஒரு துண்டு கொடுத்திருக்கிறார்கள்.

இந்த எல்லைகள் எவ்வளவு பழையவை என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு நிலக்கொடைப் பட்டயங்களிலேயே எல்லைகள் முள்மரம், பள்ளம், கல் என்று அடையாளம் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. 955ஆம் ஆண்டுப் பட்டயம் ஒன்றில் குன்றின் மேலிருக்கும் கற்கால ஈமக்கல்லறை 'வேலண்டின் கொல்லுலை' என்ற பெயரோடு வருகிறது. இன்றும் அதன் பெயர் அதுதான்.

13 ஜனவரி, இரவு

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆடுகள் பகலில் குன்றின் மேல் மேயும். சாயங்காலம் கீழே ஓட்டி வந்து, உழப்போகும் வயலில் மரத்தட்டி கட்டி அடைத்துவிடுவார்கள். இரவெல்லாம் சாணியும் மூத்திரமும் வயலுக்கு. மறுநாள் தட்டியைப் பக்கத்து வயலுக்கு மாற்றுவார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சட்டென்று வந்த சொல் 'கிடை'. ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள்! ஆங்கிலப் புத்தகங்கள் இதற்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதுகின்றன, நமக்கு ஒரு சொல் போதும். சாக் மண் மெலிந்த மண், உரம் நிற்காது. அந்த மண்ணில் கோதுமை விளைந்ததற்கு முக்கால் காரணம் அந்த ஆடுகள்.

20 ஜனவரி

உறைபனி. காலையில் மைனஸில் இருந்தது. லெட்கம் பாசெட்டுக்கு நடந்து போனேன். அந்த ஊரில் சாக் குன்றுக்குள் ஒரு செங்குத்தான மடிப்பு, அதன் அடியில் ஊற்று. வழியெல்லாம் குட்டைகள் கண்ணாடியாக உறைந்திருக்க, ஓடையின் மேல் மட்டும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. உண்மையில் அது பத்து, பதினொரு டிகிரிதான், வருடம் முழுக்க அதே அளவு. பாறைக்குள் பல மாதம் இருந்துவிட்டு வருகிற தண்ணீர் என்பதால் குளிரும் தெரியாது, வெயிலும் தெரியாது. அடியில் இருந்த கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

இந்த வெதுவெதுப்பை வைத்துத்தான் அந்த ஊரே பிழைத்தது. வாட்டர்கிரெஸ் என்று ஒரு கீரை. கடுகின் காரம் நாக்கில் நிற்கும். ஓடும் ஊற்றுத் தண்ணீரில் மட்டும் நன்றாக வரும். மற்ற கீரையெல்லாம் பனியில் கருகிக் கிடக்கும்போது இது பச்சையாக நிற்கும். பாத்தி கட்டி, தண்ணீரைத் திருப்பி, முழங்கால் ஆழத்தில் நின்று அறுத்துக் கட்டுக் கட்டாக லண்டனுக்கு அனுப்பினார்கள். கோவென்ட் கார்டன் சந்தையில் 'பாசெட் கிரெஸ்' என்று கூவி விற்றார்களாம். இப்போது அந்த வியாபாரம் இல்லை. பாத்திகளின் தடம் இருக்கிறது.

3 பிப்ரவரி

சரி, புல்லுக்கு வருகிறேன். நீ கேட்டதன் மையமே அதுதான்.

இந்தச் சமவெளியில் வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. நம்மூர்க்காரர் காதில் இது குறைவான மழை. ஆனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை வெயிலுக்கு வலு கிடையாது, விழுந்தது வற்றாது. கீழே களிமண், இறங்காது. சரிவு இல்லை, ஓடாது. அப்படியே நிற்கும். பூட்ஸோடு ஒரு வயலைக் குறுக்கே கடந்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ மண் ஏறியிருக்கும், குச்சியால் சுரண்டினாலும் போகாது. அதே மண் ஆகஸ்டில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், செங்கல் மாதிரி. உழுவதற்கு ஏற்ற பதம் என்பது இலையுதிர் காலத்தில் சில நாட்கள். அந்த நாட்களைத் தவறவிட்டால் அந்த வருடக் கோதுமை போயிற்று. ஆகவே பல தலைமுறைகள் உழாமல் புல்லாகவே விட்டு மாடு வளர்த்தன. மண் எதைத் தருமோ அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். இதைத்தான் நீ விவசாயம் தெரியாததாக எடுத்துக்கொண்டாய்.

4 பிப்ரவரி

நேற்றையதைக் காலையில் திரும்பப் படித்தேன். 'உழாமல் விட்டார்கள்' என்பது முழு உண்மை ஆகாது. இடைக்காலத்தில் இந்தக் களிமண்ணிலும் நிறைய உழுதிருக்கிறார்கள். சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில் சில புல்வெளிகளைப் பார்த்தால் பாரும் சாலுமாக அலை அலையாகத் தெரியும். ஒரே திசையில் மண்ணைப் புரட்டிப் புரட்டி நடுவை உயர்த்தியிருக்கிறார்கள். மேட்டில் பயிர், பள்ளத்தில் தண்ணீர். வடிகாலுக்கு வடிகால்.

அந்த மேடுகள் நேராக இருக்காது. ஒரு நீளமான வளைவாக, நீட்டி எழுதிய எழுத்து மாதிரி வளைந்திருக்கும். எட்டு மாடு பூட்டிய ஏரை வயல் கடைசியில் திருப்ப இடம் வேண்டும், அதற்காக முன்கூட்டியே வளைக்கத் தொடங்குவார்கள். மாடு திரும்பிய வளைவு எழுநூறு வருடமாகப் புல்லுக்கடியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுக்காகப் புல்வெளிகளை உழச் சொன்னார்கள், பிறகு டிராக்டர் வந்தது. மிஞ்சியிருப்பவை கொஞ்சம். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது இதாவது இருக்கட்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

11 பிப்ரவரி

பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், வேலியோரச் சாக்கடையைத் தூர்வாரும்போது கிடைத்தது என்று பழைய ஓடு ஒன்றைக் காட்டினார். சிவப்புச் சுட்ட களிமண், குழாயைப் பாதியாகப் பிளந்த மாதிரி, குதிரை லாடத்தின் வளைவு. முதுகில் ஆங்கிலத்தில் 'டிரெய்ன்' என்று முத்திரை. வடிகால் என்று பொருள். விரலால் தடவினால் எழுத்து ஒவ்வொன்றும் தட்டுப்படுகிறது, உள்பக்கம் யாரோ பச்சைக் களிமண்ணை வழித்த விரல் தடங்கள்.

எதற்கு முத்திரை? அப்போது செங்கலுக்கும் ஓட்டுக்கும் வரி இருந்தது. 1826இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, நில வடிகாலுக்கான ஓட்டில் இந்தச் சொல்லைப் பதித்தால் வரி வேண்டாம் என்றார்கள். கூரை வேய்வதற்காக யாரும் வரி ஏய்த்து வாங்கிவிடக் கூடாதே!

1846இல், வெளிநாட்டுத் தானியம் மலிவாக வராமல் தடுத்த தானியச் சட்டங்களை ரத்து செய்தபோது, நிலக்காரர்களுக்கு வடிகால் போட அரசாங்கமே கடன் கொடுத்தது. இங்கிலாந்து முழுக்க வயலுக்கடியில் ஓடுகளையும் குழாய்களையும் பதித்தார்கள். எல்லாம் மண்வெட்டி வேலை. மண்ணுக்கடியில் இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்தச் சமவெளியின் மிகப் பெரிய கட்டுமானம் வயலுக்கு அடியில் இருக்கிறது.

12 பிப்ரவரி

குழாய் பதிக்காமலும் ஒரு வழி உண்டு என்று அவரே சொன்னார். 'மோல்' கலப்பை. மோல் என்றால் மண்ணுக்குள் வளை தோண்டும் அகழெலி. கத்தி மாதிரி ஒரு கொழு, அதன் அடியில் தோட்டா வடிவில் இரும்பு. அதை இரண்டடி ஆழத்தில் இழுத்துக்கொண்டு போனால் களிமண்ணுக்குள் குழாய் மாதிரி ஒரு வளை உண்டாகும். களிமண் என்பதால் பல வருடம் இடியாமல் நிற்கும். மண்ணின் குற்றமே அங்கே குணமாகிவிடுகிறது.

9 மார்ச்

முதல் பதிலில் ஒரு பிழை, இரண்டு மாதமாக யாரும் சுட்டிக்காட்டவில்லை. சாக் நேராகக் களிமண் மேல் உட்கார்ந்திருப்பது போல எழுதிவிட்டேன். இடையில் 'அப்பர் கிரீன்சாண்ட்' என்று ஒரு மணற்கல் அடுக்கு இருக்கிறது. கிளாக்கோனைட் என்ற கனிமத்தால் பச்சைச் சாயல். அது அடிவாரத்தில் ஒரு திண்ணை போல நீண்டு நிற்கிறது. தண்ணீர் நிற்காத, ஓடியும் போகாத மண். பழைய காலத்து நல்ல கோதுமை நிலமெல்லாம் அந்தத் திண்ணைதான். ஊற்றுகளும் ஒரே கோட்டில் வருவதில்லை. சில சாக்கின் அடியிலிருந்து, சில இந்த மணற்கல் அதற்கு அடியிலுள்ள கால்ட் என்ற களிமண்ணைத் தொடுகிற இடத்திலிருந்து. ஆகவே முதலில் நான் சொன்ன 'கோடு' உண்மையில் கொஞ்சம் அகலமான பட்டை.

வீடுகளும் இதைச் சொல்லும். அஃபிங்டனில் சாக் கட்டியையே அறுத்துச் சுவர் வைத்த குடிசைகள் உண்டு, அழுக்கு வெள்ளை நிறம். களிமண்ணில் செங்கல். வடக்கு மேட்டில் தேன் நிறச் சுண்ணாம்புக்கல். சுவரைப் பார்த்தே காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

14 ஏப்ரல்

நீ போன ரயில் பாதையே கதையின் பாதி. 1840இல் பொறியாளர் புருனெலின் கிரேட் வெஸ்டர்ன் ரயில் இந்தக் களிமண் வழியாக வந்தது, தட்டையான நிலம் என்பதால். அதற்கு முன் பாலை என்ன செய்ய முடியும்? சீஸாகத்தான் ஆக்க வேண்டும், பால் வண்டிப் பயணம் தாங்காது. ரயில் வந்த பிறகு மெல்ல மெல்லப் பால் லண்டனுக்குப் போகத் தொடங்கியது. ஈரப்புல்லுக்கு மதிப்பு வந்தது.

அதற்கும் முன்னால் கால்வாய். வில்ட்ஸ் அண்ட் பெர்க்ஸ் கால்வாய், 1810இல் அபிங்டன் வரை முடிந்தது, சாமர்செட் நிலக்கரியைக் கொண்டுவந்தது. ரயிலோடு போட்டி போட முடியாமல் 1914இல் சட்டப்படிக் கைவிடப்பட்டது. நாணல் அடைத்துக் கிடக்கும் துண்டுகளைத் தன்னார்வலர்கள் தோண்டி மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

6 மே

வடக்கு மேட்டில் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம். இதற்காக ஒரு நாள் ஒதுக்கலாம். பியூலி மடத்துத் துறவிகள் 1292ஐ ஒட்டிக் கட்டியது. 46 மீட்டர் நீளம். உள்ளே ஆள் உயரத்துக்கு மேலான கல் தூண்கள், அவற்றின் மேல் ஓக் மரங்கள், மேலே இருட்டு. மரத்தை ஏன் தரையில் ஊன்றாமல் கல்மேல் வைத்தார்கள்? ஈரம் ஏறக் கூடாது. இந்தக் கட்டடத்திலும் தண்ணீரை எட்ட நிறுத்துவதுதான் முதல் வேலை. நான் போன அன்று ஒரு சிட்டுக்குருவியைத் தவிர யாருமில்லை. அரை மணி நேரம் சும்மா நின்றிருந்தேன்.

14 ஜூலை

குதிரையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பெயரே அதனால் வந்ததுதான். குன்றின் சரிவில் 110 மீட்டர் நீளத்துக்குக் கோடுகளால் ஆன வெள்ளைக் குதிரை. வெறுமனே புல்லைச் செதுக்கி எடுத்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பள்ளம் வெட்டி அதில் சாக்கை இடித்து நிரப்பியிருக்கிறார்கள். 1990களில் அடி மண்ணை ஆராய்ந்து, கி.மு. 1380க்கும் 550க்கும் இடையில் செய்தது என்றார்கள்.

பராமரிக்காவிட்டால் சில பத்தாண்டுகளில் புல் மூடிவிடும். ஆக, மூவாயிரம் வருடமாக யாராவது வந்து சுத்தம் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். முன்பு அதுவே திருவிழா. மல்யுத்தம், பந்தயம், கீழே 'தீவனத்தொட்டி' என்று பெயர் வைத்த பள்ளத்தில் சீஸ் உருட்டி ஓடிப் பிடிப்பது. 1857இல் நடந்ததுதான் கடைசிப் பெரிய விழா. இப்போது கோடையில் தன்னார்வலர்கள். சில வருடம் முன் நானும் போனேன். முழங்காலுக்கு ஒரு மெத்தை, கையில் சுத்தியல், ஒரு வாளி சாக். கொட்டி, அடித்துப் பசையாக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த பாட்டி தன் பாட்டியும் இதைச் செய்ததாகச் சொன்னார், 'அப்போது இது பெர்க்‌ஷயர்' என்று அழுத்திச் சொன்னார். 1974இல் மாவட்ட எல்லையைத் திருத்தி இந்தப் பகுதியை ஆக்ஸ்ஃபர்ட்‌ஷயருக்கு மாற்றியதைப் பெரியவர்கள் பலர் இன்னும் மனதார ஏற்கவில்லை.

அங்கிருந்து தலையைத் தூக்கினால் முழுச் சமவெளியும் தெரியும். ஜனவரியில் ஏரியாகக் கிடக்கும் வயல்கள் அன்று வெளிர் மஞ்சளாக இருந்தன.

25 ஆகஸ்ட்

அறுவடை. அந்தப் பண்ணைக்காரர் முகம் சரியில்லை. போன இலையுதிர் கால மழையில் களிமண் வயல்களில் குளிர்காலக் கோதுமை விதைக்கவே முடியவில்லை, விதைத்ததில் பாதி அழுகியது. மார்ச், ஏப்ரல் ஆனதும் பார்லியும் அவரையும் போட்டார். குன்றின் மேல் சாக் நிலம் வைத்திருப்பவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். பட்டை பட்டையாக எல்லை போட்டவர்கள் இதைத்தான் யோசித்திருப்பார்கள். ஒரு அடுக்கு கைவிட்டால் இன்னொன்று.

25 ஆகஸ்ட், இரவு

ஈஸ்ட் ஹானிக்கும் ஸ்டீவன்டனுக்கும் இடையில் வரப்போகிற நீர்த்தேக்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். 15 கோடி கன மீட்டர், நம் கணக்கில் ஐந்து டிஎம்சிக்கு மேல். சுற்றிலும் கரை எழுப்பி, குளிர்காலத்தில் தேம்ஸ் தண்ணீரை ஏற்றிச் சேமிக்கும் திட்டம். களிமண் தண்ணீரை விடாது என்பதால்தான் இந்த இடம்.

என் மனம் ஒப்பவில்லை. எந்தத் தண்ணீரை வெளியேற்றத் தலைமுறை தலைமுறையாகப் பார் பிடித்தார்களோ, ஓடு பதித்தார்களோ, அதே வயலின் மேல் தண்ணீரை நிறுத்தப்போகிறார்கள். ஆனால் நேற்று லெட்கம் ஓடைப் பக்கம் நடக்கும்போது யோசனை மாறியது. தென்கிழக்கு இங்கிலாந்து குடிக்கிற தண்ணீரில் பெரும் பங்கு சாக் பாறையிலிருந்து உறிஞ்சுவது. உறிஞ்ச உறிஞ்ச ஊற்று மெலியும். உலகத்திலேயே இந்த மாதிரி சாக் ஓடைகள் இருநூறுக்குக் கொஞ்சம் மேல், பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான். தேக்கம் வந்தால் அவை பிழைக்கும் என்றால்? வீடும் நிலமும் இழப்பவர்களிடம் இதை என்ன முகத்தோடு சொல்வது? இதில் எனக்கு இன்னும் தூக்கம் வராத இரவுகள் இருக்கின்றன.

26 ஆகஸ்ட்

அக்டோபரில் வருகிறேன் என்றாயே, ஒன்று சொல்லிவிடுகிறேன். டிட்காட்டுக்கும் ஸ்விண்டனுக்கும் நடுவில் இன்று ஒரு ஸ்டேஷன்கூட இல்லை, கடைசியாக இருந்தவற்றையும் 1964இல் மூடிவிட்டார்கள். டிட்காட்டிலேயே இறங்கு, நான் கூட்டிக்கொண்டு போகிறேன். முதலில் லெட்கம் ஊற்று, அப்புறம் குன்றின் மேல், கடைசியில் கூஸி. பண்ணைக்காரரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், அந்த வடிகால் ஓடு இருக்கிறது, கையில் வாங்கிப் பார்க்கலாம். முழங்கால் வரை வருகிற பூட்ஸ் கொண்டுவா. உன் கால் அளவுக்கு என்னிடம் இல்லை.